தகரக் கூரையின் கீழே ஒலிப்பதிவு: எந்த மைக் வாங்குவது?



2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நம்மில் பலர் ஒரே வாரத்தில் ஒலிபரப்பாளர் ஆகிப்போனோம். கேட்டல் பயிற்சிக்காக உரைநடைப் பகுதியை வாசித்துப் பதிவு செய்தோம். செய்யுளைப் பாடி அனுப்பினோம். மாணவர்களின் வாசிப்பைப் புலனத்தில் கேட்டுப் புள்ளி போட்டோம். அந்தக் காலம் முடிந்துவிட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. அதனால்தான் இன்றும் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்: "டீச்சர், வீட்டில் குரல் பதிவு செய்ய எந்த மைக் வாங்கலாம்?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "உங்க வீட்டுக் கூரை என்ன? ஓடா, தகரமா? உள்ளே சீலிங் அடிச்சிருக்கா?"

பலர் சிரித்துவிடுவார்கள். கிண்டல் இல்லைங்க. இந்தக் கேள்வியை நான் முன்கூட்டியே என்னிடம் கேட்டிருந்தால் ஒரு பாட்டு இன்று முழுசாக இருந்திருக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், காணொலிகளைப் பார்த்துப் பார்த்து, காசு சேர்த்து ஒரு கண்டென்சர் ஒலிவாங்கி வாங்கினேன். என் வீடு சிரம்பானில் ஒரு தாமான் வீடு. படுக்கையறையில் திரைச்சீலை, மெத்தை, துணி அலமாரி எல்லாம் இருக்கும். அங்கே பதிவு செய்த குரலைக் கேட்டபோது எனக்கே பெருமையாக இருந்தது. அந்தத் தைரியத்தில் அதைத் தூக்கிக்கொண்டு பகாவ் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். என் மாணவன் ஒருவனின் பாட்டிக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. தாலாட்டு, தெம்மாங்கு எல்லாம் தெரியும் என்று பேரன் சொல்லியிருந்தான். போன பிறகுதான் தெரிந்தது, ஓர் ஒப்பாரியும் உண்டு என்று. பாட்டியின் அப்பாவை ஜப்பானியர் காலத்தில் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். 1942-லும் 43-லும் அந்த 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்பது நம்மில் பலர் வீட்டுக் கதை. அவர் திரும்பவில்லை. பாட்டியின் அம்மா அவருக்காகப் பாடிய ஒப்பாரி அது. கேட்டுக் கேட்டு மகளுக்கு மனப்பாடம்.

லயத்து வீடு. மேலே தகரம், கீழே சிமெண்டுத் தரை, சுவரில் காலண்டர் தவிர ஒன்றுமில்லை. மேசையில் மைக்கை வைத்தேன். மூன்றடி தள்ளிப் பாட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைக்கு மேலே காத்தாடி சுற்றியது.

"காத்தாடிய நிறுத்திடட்டுமா பாட்டி?"

"ஐயோ, வேணாம்மா டீச்சரு. தகரம் கொதிக்குது."

மறுபடி கேட்க எனக்குக் கூச்சம். பாட்டி பதினொரு நிமிடம் பாடினார்.

வீட்டுக்கு வந்து காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். காத்தாடி அருமையாகப் பதிவாகியிருந்தது. சுவர்க் கடிகாரம், கோழி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி நாடகம் எல்லாம் தெளிவு. பாட்டியின் குரல் மட்டும் மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து கேட்கிற மாதிரி. ஓர் இடத்தில் ஒரு சொல் வருகிறது. அது 'வலி'யா, 'வழி'யா? பாட்டி ழகரத்தை ளகரமாகத்தான் சொல்வார், ஆகவே நான் காதால் பிரிக்க வேண்டியது லகரமா ளகரமா என்பதை. தகரத்திலும் சிமெண்டிலும் பட்டுத் திரும்பிய ஒலி அந்த இடத்தைக் கலைத்துவிட்டது. இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். இரைச்சல் போனது, கூடவே மெய்யெழுத்துகளும் போயின. தண்ணிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. பள்ளி விடுமுறையில் மறுபடி போகலாம் என்றிருந்தேன். அதற்குள் பாட்டி தவறிவிட்டார். பேரனுக்கும் அந்தச் சொல் தெரியவில்லை.

அந்த மைக் மோசமானதா என்றால், இல்லை. இன்றும் என்னிடம் இருக்கிறது, நல்ல மைக். இடமும் தூரமும்தான் தப்பு. இனி அதை விளக்குகிறேன்.

இரண்டு வகை, இரண்டு குணம்

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று டைனமிக். அதில் மெல்லிய தகடு ஒன்று, அதன் பின்னால் ஒட்டிய கம்பிச்சுருள், சுருளைச் சுற்றிக் காந்தம். குரல் பட்டால் தகடு அசையும், சுருளும் அசையும், காந்தப் புலத்துக்குள் சுருள் அசைந்தால் மின்சாரம் பிறக்கும். படிவம் ஐந்து இயற்பியல் மாணவர்கள் 'அட, மின்காந்தத் தூண்டல்!' என்று சொல்லியிருப்பீர்கள். ஆமாம், 1831-இல் ஃபாரடே கண்டதுதான். ஒலிபெருக்கியைத் திருப்பிப் போட்டால் டைனமிக் மைக் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுருளின் எடையையும் சேர்த்துத் தகடு இழுக்க வேண்டியிருப்பதால் மிக நுணுக்கமான அதிர்வுகளுக்கு அது கொஞ்சம் மந்தம். ஆனால் முரட்டு உடம்பு, விழுந்தாலும் பிழைக்கும், தனியாக மின்சாரம் கேட்காது.

மற்றொன்று கண்டென்சர். 1916-இல் அமெரிக்காவில் ஈ. சி. வென்ட் உருவாக்கியது. இதில் சுருள் இல்லை. மிக மெல்லிய படலம் ஒன்றும் நிலையான தகடு ஒன்றும் எதிரெதிரே நிற்கும். படலம் அசைய அசைய இரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளி மாறும், அதற்கேற்ப மின் குறிப்பும் மாறும். படலம் இலேசானது என்பதால் மூச்சு, உதட்டு ஈரம், எல்லாமே பிடிபடும். ஒலிப்பதிவுக்கூட வகை மைக்குகளுக்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் வெளியிலிருந்து வேண்டும். மைக்கை மடிக்கணினியோடு இணைக்க நடுவில் வைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியில் '48வி' என்று ஒரு பொத்தான் இருப்பது அதற்குத்தான். அதை அழுத்தாமல் 'மைக் வேலை செய்யல' என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்கள் உண்டு. நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

குரல் பதிவு என்றாலே 'கண்டென்சர் வாங்குங்க' என்பதுதான் வழக்கமான ஆலோசனை. சுவரில் பஞ்சுப் பலகை அடித்து, குளிர்சாதனத்தையும் அணைத்துவிட்டுப் பாடுகிற கூடத்துக்கு அது சரியான ஆலோசனை. நம் தோட்டத்து வீட்டுக்கு இல்லை.

இங்கே ஒரு பாதி உண்மையையும் திருத்திவிட வேண்டும். 'டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வடிகட்டிவிடும்' என்பார்கள். எந்த மைக்குக்கும் குரல் எது, காத்தாடி எது என்று தெரியாது. ஒரே தூரத்தில், ஒரே திசைக் குணம் உள்ள இரண்டு வகை மைக்கையும் வைத்தால், குரலுக்கும் அறைச் சத்தத்துக்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறாது. டைனமிக்கின் உண்மையான உதவி வேறு. உணர்திறன் குறைவாக இருப்பதால், நெருங்கி வந்தால்தான் கேட்பேன் என்று அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. நெருங்கினாலும் தாங்குகிறது. கண்டென்சரை வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் மூச்சுக்காற்றும் எச்சில் சத்தமும் முந்திக்கொண்டு வந்துவிடும், ஆகவே தள்ளி வைப்போம். தள்ளி வைத்தால் அறை உள்ளே புகுந்துவிடும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் 6 டெசிபல் கூடும். காத்தாடிச் சத்தமும் சுவர் எதிரொலியும் அறை முழுக்க நிறைந்திருப்பதால் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். நான் பாட்டிக்கு வைத்தது மூன்றடி, அதாவது சுமார் 90 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டரில் வைத்திருந்தால் குரல் ஏறத்தாழ 19 டெசிபல் மேலே வந்திருக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மைக்காலும் இந்த 19-ஐ மூன்றடி தூரத்தில் ஈடுகட்ட முடியாது.

முன்பக்கம் எது, முதுகு எது

பெரும்பாலான குரல் மைக்குகளின் கேட்கும் எல்லை இதய வடிவில் இருக்கும். முன்னால் நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் குறையும், முதுகுப்பக்கம் ஏறத்தாழச் செவிடு. ஆகவே மேசைக் காத்தாடி, சன்னல், கோழிக்கூடு, இவற்றின் பக்கம் மைக்கின் முதுகைக் காட்டி வையுங்கள். நாம் என்ன செய்கிறோம்? சன்னல் ஓரம் வெளிச்சம் நல்லா இருக்கு என்று சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்கிறோம். மைக் நம்மைப் பார்க்கிறது, நமக்குப் பின்னால் இருக்கிற வெளியுலகம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கிறது.

இன்னொன்று. கோயில் திருவிழாவில் பிடித்துப் பாடுகிற டைனமிக் மைக்குக்கு உச்சிதான் வாய். கண்டென்சரில் பலவற்றுக்கு வயிறுதான் வாய், அதாவது நிறுவனச் சின்னம் உள்ள பக்கம். அதன் உச்சியில் ஐஸ்கிரீம் மாதிரி வைத்துப் பேசிவிட்டு 'சத்தம் மங்கலா இருக்கு' என்று சொல்லும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். மேடையில் ராப் பாடுகிறவர்களைப் பார்த்து வலைத்தலையை உள்ளங்கையால் மூடிப் பிடிப்பதும் வேண்டாம். மூடினால் அந்த இதய வடிவம் கெட்டுப் பின்பக்கச் சத்தமும் உள்ளே வரும்.

நெருங்கிப் பேசும்போது வரும் ஒரு விளைவையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இதய வடிவ மைக்கில் மிக அருகில் பேசினால் அடித்தொனி வீங்கும். வானொலி அறிவிப்பாளர் குரல் மாதிரி ஒரு கனம் வரும். பெண் குரலுக்கு அது அழகுதான். ஆண் ஆசிரியர்களுக்குச் சில சமயம் 'ம', 'ந' எல்லாம் குழம்பிவிடும். மென்பொருளில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் தெளிந்துவிடும். தூரத்தில் ஓடும் செம்பனை லோரியின் உறுமலும் அதோடு ஓரளவு போகும்.

நம் மொழிக்கு ஒரு சோதனை

மைக்கை ஒப்பிட்டுப் பேசும் காணொலிகள் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்துத்தான் சொல்கின்றன. ஆங்கிலத்தில் 'ப' ஒலி பெரும்பாலும் காற்றோடு வெடிக்கும். தமிழில் அந்த அளவு வெடிப்பு இல்லை. ஆனால் 'அப்பா', 'பார்த்துப் பேசினார்' என்று வல்லினம் இரட்டிக்கும் இடத்தில், அதுவும் நாம் வகுப்புக் குரலில் அழுத்தி வாசிக்கும்போது, டொப் என்று ஒரு சத்தம் விழும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்தின் ஓரமாகச் சாய்த்து வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சட்டை மாட்டும் கம்பியை வளைத்து, பழைய காலுறைத் துணியை இழுத்துக் கட்டினாலும் போதும். அதற்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

அதைவிட முக்கியம் லகர, ளகர, ழகரம். நாக்கு மடிந்து வரும் ஒலிகளை மற்றவற்றிலிருந்து காது பிரிப்பது பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான். எதிரொலி இந்த இடத்தில் புகுந்தால் தலை, தளை, தழை மூன்றும் ஒன்றாகிவிடும். ணகர னகரத்துக்கும் இதே கதிதான். கேட்டல் பயிற்சியில் 'பனி'யா 'பணி'யா என்று ஒரு மாணவன் தப்பாக எழுதினால் அவனுக்குச் சிவப்புக் கோடு போடுகிறோம். அந்தப் பதிவை நாம் எந்த அறையில் எடுத்தோம் என்று ஒருநாளாவது யோசித்தோமா? என் வகுப்பில் ஒருமுறை பாதிப் பேர் ஒரே சொல்லில் தப்பினார்கள். பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்கே தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் புள்ளி கொடுத்துவிட்டேன்.

அதனால் எந்த மைக்கை வாங்கினாலும், கடன் வாங்கினாலும், முதலில் உங்கள் அறையில் வைத்து இந்தச் சொற்களை வாசித்துப் பதியுங்கள்: தலை, தளை, தழை, கலை, களை, கழை, பனி, பணி, அரம், அறம். மறுநாள் வரிசையை மாற்றி இன்னொருவரிடம் போட்டுக்காட்டி எழுதச் சொல்லுங்கள். அவர் சரியாக எழுதினால் உங்கள் மைக் நல்ல மைக். உங்களுக்கே வரிசை தெரியும் என்பதால் நீங்களே கேட்டுச் சரிபார்ப்பது சோதனை ஆகாது.

சரி, எதை வாங்குவது?

தகரக் கூரை, காத்தாடி, பக்கத்து வீட்டுச் சத்தம், இதில் இரண்டு இருந்தாலே டைனமிக் வாங்குங்கள். ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம்.58 1966-இல் வந்தது, இன்னும் விற்கிறார்கள். உலகத்தில் எந்த மேடைக்குப் போனாலும் அதைப் பார்க்கலாம். அதே பாணியில் விலை குறைந்த மைக்குகள் பல உண்டு, வாசிப்புப் பதிவுக்கு அவையும் போதும். ஒன்று கவனம்: எஸ்.எம்.58-க்குப் போலி நிறைய. இணையத்தில் நம்பமுடியாத விலையில் கண்டால் நம்பாதீர்கள்.

இவற்றை மடிக்கணினியோடு இணைக்க இன்டர்ஃபேஸ் வேண்டும். அந்தச் செலவு வேண்டாம் என்றால் யு.எஸ்.பி. கம்பியில் நேரே செருகும் டைனமிக் பாருங்கள். சாம்சன் கியூ2யூ, ஆடியோ டெக்னிக்கா ஏ.டி.ஆர்.2100எக்ஸ் போன்றவற்றில் யு.எஸ்.பி.யும் உண்டு, மேடையில் செருகும் எக்ஸ்.எல்.ஆர். முனையும் உண்டு. ஆசிரியர்களுக்கு என் முதல் சிபாரிசு இந்த வகைதான். பள்ளி மண்டபத்தின் ஒலிபெருக்கியிலும் செருகலாம், வீட்டு மடிக்கணினியிலும் செருகலாம்.

வலையொளிக்காரர்கள் எல்லாரும் வைத்திருக்கிறார்களே, அந்த ஷூர் எஸ்.எம்.7பி? அதுவும் டைனமிக்தான். அதன் முன்னோடியான எஸ்.எம்.7-இல்தான் மைக்கேல் ஜாக்சன் 1982-இல் 'திரில்லர்' தொகுப்புக்குப் பாடினார். டைனமிக் என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு. ஆனால் அது கொடுக்கும் மின் குறிப்பு மிகவும் மெலிசு. ஏறத்தாழ 60 டெசிபல் உயர்த்த வேண்டும். மலிவான இன்டர்ஃபேஸில் அவ்வளவு உயர்த்தினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் மிஞ்சும். விலையும் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். நமக்குத் தேவையில்லை.

அமைதியான அறை உள்ளவர்கள், அதிலும் கர்நாடக இசை பாடுகிறவர்கள், கண்டென்சருக்குப் போகலாம். குரலின் கமகமும் மூச்சும் அதில் வருகிற மாதிரி டைனமிக்கில் வராது. அதை மறுக்க மாட்டேன்.

மாணவர்களே, நீங்கள் எதையும் வாங்க வேண்டாம். வாய்மொழிப் பயிற்சிக்குக் கைப்பேசி போதும். மேசையில் படுக்கப் போட்டுப் பேசாமல், ஒரு சாண் தூரத்தில், வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். கம்பியுள்ள இயர்போன் இருந்தால் அதிலுள்ள குட்டி மைக் மடிக்கணினி மைக்கைவிட நன்றாகவே இருக்கும், காரணம் அது வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. சட்டையில் உரசாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது மலிவாகக் கிடைக்கும் கிளிப் மைக்குகள் பெரும்பாலும் எல்லாத் திசையிலும் கேட்பவை, ஆகவே கழுத்துக்குப் பக்கத்தில் மாட்டினால்தான் பலன். முடிந்தால் துணி அலமாரியைத் திறந்துவைத்து, தொங்கும் துணிகளைப் பார்த்தபடி வாசியுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. உங்கள் குரல் போய் மோதித் திரும்பாமல் துணி விழுங்கிவிடும்.

நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தகரத்தில் மழை விழ ஆரம்பித்தால் எந்த மைக்கும் உதவாது. நம் நெகிரி செம்பிலானில் ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர் மாதங்களில் மாலையானால் இடிமழைதான். விடிகாலையில் சேவலும் குயிலும், அந்தியில் சில்வண்டு. தோட்டத்தில் எனக்குக் கிடைத்த நல்ல நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. பெரியவர்கள் வேலைக்காட்டில், பிள்ளைகள் பள்ளியில்.

பதிவு செய்யும்போது ஒலி அளவுக் கோடு சிவப்பைத் தொடக்கூடாது. உரத்த இடத்திலும் மைனஸ் 12-க்குப் பக்கத்தில் நிற்கட்டும். முதலில் பத்து விநாடி யாரும் பேசாமல் வெறும் அறையைப் பதிந்துகொள்ளுங்கள். பின்னால் இரைச்சல் நீக்க மென்பொருளுக்கு அந்த மாதிரி தேவைப்படும். கோப்பை டபிள்யூ.ஏ.வி. வடிவில் வைத்திருங்கள். புலனத்தில் அனுப்பினால் குரல் குறிப்பாக அனுப்பாமல் 'ஆவணம்' என்று இணைத்து அனுப்புங்கள். குரல் குறிப்பு ஒலியைச் சுருக்கிவிடும்.

வரும் பள்ளி விடுமுறையில் போர்ட்டிக்சன் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகிறேன். அங்கே ஒரு தாத்தாவுக்குப் பால்வெட்டுக் காலத்துப் பாட்டுகள் தெரியும். பையில் பழைய டைனமிக் மைக், நாற்காலிக்குப் பின்னால் தொங்கவிட இரண்டு கெட்டிப் போர்வை. காத்தாடி விஷயத்தை இந்தத் தடவை முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிட்டேன், பாடும்போது மட்டும் நிறுத்துவது, பாட்டு முடிந்ததும் போடுவது என்று.

"அஞ்சு நிமிசம்தானே டீச்சர், தாங்கிக்கலாம்" என்றார்.